கண் திறக்காத சேவல்

திருடன் என்றால் கொஞ்சமாவது ரசனை வேண்டும் என்பது முனீஸின் கட்சி. குன்றுடையான் பனியன்ஸ் கம்பெனியின் பழைய குடோனில் நின்றுகொண்டு அவன் அதைத்தான் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“பாருங்கக்கா. இந்தப் பக்கம் அம்பாரி வச்ச யானை. அந்தப் பக்கம் தோகை விரிச்ச மயிலு. ரெண்டையும் விட்டுட்டு நடுவுல இருந்த தூங்குமூஞ்சிச் சேவலைத் தூக்கிட்டுப் போயிருக்கான். இவனெல்லாம் கல்யாண வீட்டுப் பந்தியில பாயாசத்தை விட்டுட்டு ஊறுகாயைத் தின்னுட்டு வர்ற ஆளு.”

அவன் ‘அக்கா’ என்றது ஜெயபாரதியை. திருப்பூரில் துப்பறியும் தொழில் நடத்தும் ஒரே பெண்மணி. அதற்கு முன்னால் ஏற்றுமதிக் கம்பெனிகளில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தவள். மலைபோலக் குவிந்த டி-ஷர்ட்டுகளில் ஊசிமுனை ஓட்டை விழுந்த ஒன்றைத் தொடாமலே காட்டிவிடுவாள் என்று டெய்லர்கள் மத்தியில் பேச்சு. முனீஸ் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கட்டிங் வேலைக்கு வந்தவன். வாய் நீளம் என்று போன இடமெல்லாம் வெளியே அனுப்பினார்கள். அந்த நீளத்துக்கு ஏற்ற வேலை அவளிடம்தான் கிடைத்தது.

ஜெயபாரதி காலிக் கண்ணாடிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே சிவப்பு வெல்வெட்டில் சோப்புக்கட்டி அளவுக்கு ஒரு பள்ளம். அங்கேதான் நேற்று வரை சேவல் இருந்தது.

சேவல் என்றால் உயிர்ச் சேவல் இல்லை. மரத்தில் செதுக்கிய அச்சுக்கட்டை. கலர் அட்டைப்பெட்டிகள் வருவதற்கு முன்னால், பனியன் பெட்டிகளின் லேபிள்களை இப்படிப்பட்ட கட்டைகளில்தான் அச்சடித்தார்கள். மரத்தைப் பலகையாக அறுக்காமல் குறுக்கே வெட்டி, இழைத்து, கறுப்பு பூசி, ஊசிபோன்ற உளியால் கோடு கோடாக எடுக்கவேண்டும். உளி பட்ட இடம் காகிதத்தில் வெள்ளையாக விழும். படாத இடம் கறுப்பாக விழும். அப்படிப் பிறந்ததுதான் சேவல் மார்க் பனியன். அந்தச் சேவலுக்கு மட்டும் கண் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கறுப்பு. அதன் கீழே இமைபோல ஒரு வளைகோடு. ‘தூங்குமூஞ்சிச் சேவல் குடுங்க’ என்று கேட்டே ஜனங்கள் அந்தப் பனியனை வாங்கினார்கள்.

பெட்டியின் கீழே பித்தளைத் தகடு பளபளத்தது. முனீஸ் அதை மேடைக் குரலில் வாசித்தான்.

“‘மகா கலைஞர் அர்த்தநாரி, முருகப் பெருமானின் சேவலைப் பக்திப் பரவசத்தில் கண் மூடிய கோலத்திலேயே செதுக்கினார்.’ நல்லாத்தான் இருக்கு. யாருக்கா இதை எழுதுனது?”

“நான்தானுங்க” என்றாள் பக்கத்தில் நின்ற வினிதா. கம்பெனி முதலாளி இளங்குமரனின் தங்கை. குடோனில் வைத்திருக்கும் அச்சுக்கட்டைக் கண்காட்சி முழுக்க அவள் பொறுப்பு.

இளங்குமரன் கைபேசியும் கையுமாக வந்தார். அறுபதாம் ஆண்டு விழாவுக்காக எடுத்த புது வெள்ளைச் சட்டையில் அதற்குள் வியர்வை படிந்திருந்தது.

“மேடம், நம்ம கம்பெனிக்கே அதுதானுங்க ராசி. எங்க அப்பாரு சாமியப்பன் அந்த லேபிளை வெச்சுத்தான் தொழிலே ஆரம்பிச்சாரு. அஞ்சு மணிக்குத் தொறப்பு விழா. அந்தக் கட்டையில மொத அச்சு எடுத்துத்தான் விழாவே. அதுக்குள்ள வரலைன்னா…” அவர் வாசல் பக்கம் பார்த்தார். “காசிமாயனை ஸ்டேஷன்ல விடறதைத் தவிர எனக்கு வேற வழியில்லீங்க. நேத்து காவலுக்கு இருந்தது அவர்தான்.”

காவலாளி காசிமாயன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உசிலம்பட்டிக்காரர். முகத்தில் ரத்தமே இல்லை.

“அய்யா, சத்தியமா நான் எடுக்கலய்யா. நேத்து, தொறக்குறதுக்கு முன்னாடியே விருந்தாளுக சும்மா பாக்க வந்தாக. தண்ணி கேட்டவுகளுக்குத் தண்ணி, சேர் கேட்டவுகளுக்குச் சேர், பாத்ரூம் கேட்டவுகளுக்கு வழி. நேத்து பூராம் இதுதேன் என் வேலை. கண்ணாடி மூடிக்கு ஆணி அடிக்க இன்னும் ஆளு வரலைன்னு அப்பவே சொன்னேன். மக காலேசுல படிக்கிறா. ஸ்டேஷன் வாசலை மிதிச்சேன்னு தெரிஞ்சா அவ தலை நிமிர்ந்து போக முடியுமாய்யா?”

முனீஸ் பித்தளைத் தகட்டை விட்டுவிட்டுக் காசிமாயன் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். ஊர்விட்டு ஊர் வந்தவன் மேல் பழி எவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும் என்பது அவனுக்குத் தெரியும்.

ஜெயபாரதி கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தாள். துணியில் நூல் எண்ணும் சின்ன மடக்குக் கண்ணாடி. பழைய வேலையை விட்டபோது அவள் கொண்டுவந்த ஒரே சொத்து. யானைக் கட்டையின் மேல் குனிந்தாள். பிறகு மயில். பிறகு மறுபடி யானை.

“வினிதா, இதையெல்லாம் தொடைச்சது யாருங்க?”

“நான்தானுங்க மேடம். மண்ணெண்ணெய் தொட்டு பிரஷ்ல எடுத்தேன். மை எல்லாம் போயிருச்சு. கோட்டுக்குள்ள இருக்கற அந்த மஞ்சள் மட்டும் போகவே மாட்டீங்குது. ஆயுத பூஜைக்கு வெச்ச சந்தனமா இருக்கும்னு விட்டுட்டேன்.”

“சந்தனமுங்களா? உங்க தையல் மெஷினுக்குப் பூஜை போடறப்ப சந்தனத்தை எங்க வெப்பீங்க?”

“மெஷினோட தலையில.”

“ஊசியில?”

“ஐயோ, டெய்லர் கொன்னே போட்டுருவாருங்க.”

“கட்டைக்கு ஊசி இந்தக் கோடுதானுங்க. பொட்டு வெக்கறவங்க முதுகுல வெப்பாங்க, பக்கவாட்டுல வெப்பாங்க. முகத்துல வெச்சுக் கோட்டை அடைக்க எந்த அச்சாபீஸ்காரன் விடுவான்? இது பூஜைக்கு வெச்சதில்லை. செதுக்கறப்பவே போட்டது.” அவள் கட்டையை மூக்கருகே கொண்டுபோனாள். “கறுப்புக் கட்டையில வெட்டின கோடு கண்ணுக்குத் தெரியோணும்னா எதையாவது தூவித் தேய்க்கோணும். இவங்க தூவினது சமையல் மஞ்சத்தூள்.”

“அப்ப அர்த்தநாரி ஐயா குழம்பு தாளிச்சுக்கிட்டே செதுக்கினாராக்கும்?” என்றான் முனீஸ்.

“அதைத்தான் நானும் யோசிக்கறேன். இந்தா, நீயே பாரு. மொதல்ல தோகை. அப்பறம் கண்ணு.”

முனீஸ் பார்த்தான். தோகையில் ஒரு மயிரிழைகூடத் தப்பவில்லை. ஒவ்வொரு கோடும் மெலிதாகத் தொடங்கி, மூச்சு விடுவதுபோலத் தடித்து, மறுபடி மெலிந்து முடிந்தது. கோட்டுக்கோடு மஞ்சள். கண்ணுக்கு வந்தால் கதையே வேறு. யாரோ அவசரத்தில் ஆணியால் குத்திவிட்டுப் போனதுபோல ஒரு பள்ளம். அதில் மஞ்சள் பேருக்குக்கூட இல்லை. யானையும் அப்படி. மூலையில் இருந்த தீப்பெட்டி லேபிள் கிளியும் அப்படியே.

“ஒரே சட்டையில ரெண்டு டெய்லர் கை” என்றாள் ஜெயபாரதி. “ஒருத்தர் மஞ்சத்தூள் டப்பாவோட உக்காந்து முழுசையும் செதுக்கியிருக்காங்க. இன்னொருத்தர் கடைசியில வந்து கண்ணை மட்டும் குத்தியிருக்கார். எல்லாக் கட்டையிலயும் அப்படித்தான், ஒண்ணைத் தவிர.”

“சேவல்” என்றான் முனீஸ்.

“யாரும் கண்ணு குத்தாத ஒரே கட்டை. அதுதான் காணாமப் போயிருக்குது. விலைக்கு எடுத்திருந்தா யானையை எடுத்திருப்பாங்க. அந்த ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு அந்தச் சேவல்கிட்ட இன்னும் பாக்கி வேலை இருக்குது. ஸ்கூட்டரை எடு.”

*

பல்லடத்தில், பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு மாடிக் கட்டடம். ‘அர்த்தநாரி கலைக்கூடம்’ என்ற பலகை, தனியார் பஸ்களின் ஹாரன் சத்தத்தில் நாள் முழுக்க அதிர்ந்துகொண்டிருக்கும். அர்த்தநாரியின் மகன் பூபாலன் அங்கே அப்பாவின் லேபிள்களைக் கண்ணாடிச் சட்டம் போட்டு விற்றுவந்தார். அறுபதைத் தாண்டியவர். கழுத்தில் விசிறி மடிப்புத் துண்டு. சாயந்தர விழாவில் பொன்னாடை வாங்கப்போகும் மகிழ்ச்சி முகத்திலேயே தெரிந்தது.

“காணாமப் போனதைக் கேள்விப்பட்டதுல இருந்து எனக்குச் சோறே எறங்கலீங்க” என்றார், மேஜைமேல் பாதி காலியான போண்டாத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு.

“தெரியுதுங்க” என்றான் முனீஸ்.

ஜெயபாரதி சுவரில் இருந்த அர்த்தநாரியின் படத்தைப் பார்த்தாள். ஜிப்பா, மீசை, கையில் உளி.

“உங்க அப்பா பெரிய மனுசருங்க. ஒரு சந்தேகம். இந்த மிருகங்களுக்கெல்லாம் கண்ணு, கடைசியாத்தான் வெப்பாருங்களா?”

பூபாலன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நல்லாக் கேட்டீங்க. சாமி சிலைக்குக் கண்ணு தொறக்கறாப்பல அது ஒரு சடங்குங்க. நல்ல நேரம் பாத்து, குளிச்சு, விளக்கேத்தி, அப்பா உளியை எடுப்பார். கண்ணைத் தொறந்தவர் பேர்லதான் கட்டை நிக்கும். அது தொழில் வழக்கம். அப்பாவைத் தவிர மத்த யாரும் கண்ணைத் தொடவே கூடாது.”

“சரிங்க. அந்த ‘மத்த யாரும்’கறது யாருங்க?”

பூபாலனின் கை போண்டாவுக்குப் போகும் வழியில் நின்றது.

“சும்மா பேச்சுக்குச் சொன்னனுங்க.”

“தனியா வேலை செய்யற ஆளுக்கு ‘நீ தொடாதே’ன்னு ஒரு சட்டம் எதுக்குங்க? பக்கத்துல ஒருத்தர் உக்காந்து மீதி எல்லாத்தையும் தொட்டிருந்தாத்தான் அந்தச் சட்டம் வேணும்.” ஜெயபாரதியின் குரல் ஏறவே இல்லை. “மஞ்சத்தூளோட உக்காந்தவங்க யாருங்க?”

கீழே ஒரு பஸ் நீளமாக ஹாரன் அடித்தது. அது ஓயும்வரை பூபாலன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எங்க அத்தைங்க” என்றார் கடைசியில். “அப்பாவோட தங்கச்சி. ஞானாம்பாள். அப்பா அச்சாபீஸ்ல பார்ட்டிகளைப் பாத்துப் பேசிட்டிருப்பார். அத்தை… ஒத்தாசைக்குச் செய்யும்.”

“எவ்வளவு ஒத்தாசைங்க?”

“வேலம்பாளையத்துல கட்டிக்குடுத்த பொறகும் கட்டை அங்க போகும். நான் சின்னப் பையன். தூக்குப்போசியில கொண்டுபோவேன். மேலடுக்குல பணியாரம், கீழடுக்குல கட்டை. திரும்பி வர்றப்ப கட்டை முழுக்க செதுக்கியிருக்கும். கண்ணு மட்டும் இருக்காது.” அவர் அப்பாவின் படத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். “ஊரு பூரா அப்பா பேரைச் சொல்லுது மேடம். நான் என்ன பண்ணட்டும்? விட்டுப்போடுங்க.”

படியிறங்கும்போது முனீஸ் சொன்னான்: “எங்க ஊர்ல கொத்தனாரு வீடு கட்டினா, கடைசியில வந்து திருஷ்டிப் பூசணிக்கா கட்டுற ஆளை யாரும் கொத்தனாருன்னு சொல்ல மாட்டாக.”

ஜெயபாரதி அன்று முதல்முறையாகச் சிரித்தாள்.

*

வேலம்பாளையத்தில் அந்தத் தெருவின் ஒரு வரிசை முழுக்கத் தையல் யூனிட்டுகள், எதிர் வரிசை முழுக்க லைன் வீடுகள். மெஷின் இரைச்சலுக்கு மேலே ஏதோ இந்திப் பாட்டு. வெளிச்சம் நன்றாக விழும் ஜன்னலோரத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தொடப்போகும் வயது. கண்ணில் ஆபரேஷனுக்குப் பிறகு போட்டுவிடும் கறுப்புக் கண்ணாடி. மடியில் மணல் அடைத்துத் தைத்த சின்னத் தலையணை. தலையணைமேல் சேவல். பக்கத்தில் மஞ்சத்தூள் டப்பா.

ஒளிக்கவே இல்லை. வந்தவர்களைப் பார்த்ததும் அவர் செய்த ஒரே காரியம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியதுதான்.

“வாங்க அம்மிணி. வா கண்ணு. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. கட்டைக்குத்தானே வந்தீங்க?”

முனீஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டான். இதுவரை பார்த்த திருடர்கள் யாரும் ஸ்டூல் கொடுத்ததில்லை.

“எதுக்குங்கம்மா எடுத்தீங்க?” என்றாள் ஜெயபாரதி.

“அந்தத் தகட்டைப் படிச்சீங்களா அம்மிணி? பக்திப் பரவசமாம்!” ஞானாம்பாள் தொடையில் அடித்துச் சிரித்தார். “என்ற அண்ணனுக்கு அம்மை வாத்திருந்துதுங்க! வேப்பிலை கட்டுன ஊட்டுக்குள்ள ஆரு போறது? கட்டையைக் கண்ணு தொறக்க அனுப்ப முடியலை. தைப்பூசத்துக்கு முன்னால சரக்கு எறங்கோணும்னு சாமியப்ப மொதலாளி வாசல்ல வந்து நின்னுட்டாரு. ‘நானே தொறந்து குடுக்கட்டுங்களா’ன்னு கேட்டேன். ‘வேண்டாம் அம்மிணி, அண்ணன் எந்திரிச்சதும் பாத்துக்கலாம், இப்படியே குடு’ன்னு வாங்கிட்டுப் போயிட்டாரு. லேபிளு ஓடுன ஓட்டத்துல, கண்ணு மூடியிருக்கறதுதான் ராசின்னு அப்பறம் ஆரும் தொட விடலை.”

“அப்ப இத்தனை வருசமும்…”

“பனியன் போட்டவன் எல்லார்த்து பெட்டியிலயும் அது தூங்கிட்டே இருந்துது. மளிகைக் கடைக்குப் போனா அங்க தூங்கும். பஸ்ஸுல போனா சொவுத்துல தூங்கும். எனக்குத்தான் தூக்கமில்லை.” சிரிப்பு அடங்கியது. “அப்பறம் எனக்கே பொரை விழுந்து கண்ணு மங்கிப்போச்சு, அதையும் மறந்தேன். போன மாசம்தான் ஆபரேசன் பண்ணுனாங்க. நேத்து, கண்காட்சி வெச்சிருக்காங்கன்னு பக்கத்தூட்டுப் புள்ளை கூட்டிட்டுப் போச்சு. நான் வெட்டுன கோடு அத்தனையும் பளிச்சுனு தெரியுது அம்மிணி. அதுக்குக் கீழ அந்தத் தகடும் தெரிஞ்சுபோச்சு.”

“இன்னும் வெட்டலீங்களா?” ஜெயபாரதி கட்டையை எட்டிப் பார்த்தாள். கண் இருந்த இடம் முழுக் கறுப்பாகவே இருந்தது.

ஞானாம்பாள் உளியைத் தடவினார். கைப்பிடி உள்ளங்கைக்கு ஏற்றபடி தேய்ந்து வழவழவென்றிருந்தது.

“காலையில இருந்து உக்காந்திருக்கேன். கை போக மாட்டீங்குது. கண்ணை அண்ணன்தான் தொறக்கோணும்னு சொல்லிச் சொல்லி வளத்துட்டாங்க. அவுரு போயே பல வருசமாச்சு. கை இன்னும் அவுருக்காகக் காத்துட்டிருக்குது. எனக்கே வெக்கமா இருக்குது அம்மிணி.”

இந்த இடத்தில் முனீஸுக்கு நெஞ்சை அடைத்தது. நெஞ்சை அடைத்தால் அவனுக்கு வாய் திறந்துகொள்ளும். பழக்கம் அப்படி.

“அம்மா, இதுல காசிமாயன் அண்ணன் மாட்டிக்கிட்டாக. அஞ்சு மணிக்குள்ள கட்டை வரலைன்னா ஸ்டேஷனுக்கு அனுப்பிருவோம்னு சொல்லுதாக.”

“ஆரு கண்ணு அது?”

“வாட்ச்மேன். நேத்து காவலுக்கு நின்னாகளே.”

“மீசை வெச்ச தம்பியா?” ஞானாம்பாள் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். “ஐயோ சாமி! தண்ணி வேணும்னு கேட்டேன். ‘ஆத்தா, வெயில்ல வந்திருக்கீக’ன்னு ஓடிப்போய் மோரே வாங்கியாந்து குடுத்துது அந்தப் புள்ளை. அது போன நேரத்துலதான் நான் இதை எடுத்துப் பைக்குள்ள போட்டேன். அது மேலயா பழி? ஆட்டோ புடி கண்ணு, மொதல்ல ஆட்டோ புடி!” கட்டை, உளி, டப்பா எல்லாவற்றையும் பைக்குள் அள்ளிப் போட்டார்.

*

ஸ்கூட்டரை அந்தத் தெருவிலேயே விட்டுவிட்டு ஆட்டோ. பின்சீட்டில் இரண்டு பெண்கள். முனீஸ் டிரைவர் பக்கத்தில் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டபடி. ஷிப்டு விடும் நேரம் வேறு. கம்பெனி பஸ்களும், பீஸ் மூட்டை ஏற்றிய டெம்போக்களும், டூவீலர்களும் சேர்ந்து ரயில்வே பாலத்துக்கு முன்னால் ஒரேயடியாகச் சிக்கி நின்றன.

“உங்களை ஒண்ணு கேக்கட்டுங்களா?” என்றாள் ஜெயபாரதி. “சேவலோட கொண்டையில ஆரம்பிச்சு கால் நகம் வரைக்கும் நீங்க. கண்ணு மட்டும் அண்ணன். சரி. அம்மை வந்தப்ப அவரு படுத்துட்டாரு, உங்க வேலை நின்னுதுங்களா?”

“இல்லியே.”

“அப்ப யாரு இல்லாம லேபிளு வரும், யாரு இல்லாம வராது?”

ஞானாம்பாள் பையைத் திறந்து சேவலைப் பார்த்தார். பாலத்தின் மேல் ரயில் ஒன்று கடந்தது. முன்னால் நின்ற டெம்போக்காரன் என்ஜினையே அணைத்துவிட்டு இறங்கி டீ குடிக்கப் போனான்.

“கண்ணு, இது இப்பத்திக்கு நகராதில்ல?” என்று ஞானாம்பாள் டிரைவரைக் கேட்டார்.

“நகராதுங்க ஆத்தா. அசையக்கூட முடியாது.”

“நல்லதாப் போச்சு.”

முனீஸ் திரும்பிப் பார்த்தபோது அந்த அம்மாள் மடியில் வைத்த பையின்மேல் தலை கவிழ்ந்திருந்தார். பாவம், அலைச்சலில் அசந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டான். அக்காவும் சாய்ந்து கண்களை மூடியிருந்தாள். வேலை நேரத்தில் அவள் கண் மூடி அவன் பார்த்ததே இல்லை.

*

குடோன் வாசலில் வாழைமரம் கட்டியாயிற்று. ஆட்டோ நின்றதும் ஞானாம்பாள் நேராகக் காசிமாயனிடம் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, எடுத்தது நானு. உன்ற மேல பழி வரும்னு எனக்குத் தோணாமப் போச்சு. மன்னிச்சுக்கோ சாமி.” பிறகு இளங்குமரன் பக்கம் திரும்பி, துணியில் சுற்றிய கட்டையை நீட்டினார். “இந்தாங்க உங்க சேவலு. ஸ்டேசனுக்கு அனுப்பறதுன்னா என்னைய அனுப்புங்க. எனக்கும் பொழுது போகும்.”

இளங்குமரன் துணியை விலக்கி, கட்டையின் முதுகில் கம்பெனி முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். போன உயிர் திரும்பியது. ஜெயபாரதி அவரைத் தனியே அழைத்து மஞ்சத்தூளையும், தூக்குப்போசியையும், கண்களையும் சொன்னாள். வினிதாவும் கேட்டுக்கொண்டு நின்றாள். முகம் சிவந்துபோயிற்று.

“அண்ணா, தகட்டை மாத்தணும்” என்றாள் அவள்.

இளங்குமரன் கெட்ட மனிதர் இல்லை. விழாவுக்குக் கால்மணி நேரம் இருக்கும் மனிதர், அவ்வளவுதான்.

“அம்மா பாடுபட்டிருக்காங்க, இல்லைங்கலை. பொடவை எடுத்து மரியாதை பண்ணிரலாம். ஆனா தொழில் வழக்கம்னு ஒண்ணு இருக்குதுங்க. கண்ணைத் தொறந்தவர்தான் கலைஞர். பூபாலண்ணனே சொல்வாரு. கார்டெல்லாம் அடிச்சாச்சு. இந்த அரங்கத்துக்கே அர்த்தநாரி ஐயா பேரு. வழக்கத்தை நான் எப்படிங்க மாத்தறது?”

ஞானாம்பாள் சற்றும் கோபப்படவில்லை.

“அதுவும் சரிதானுங்க சாமி” என்றார். “வழக்கத்தை மாத்தக் கூடாது.”

முனீஸுக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவைப் பார்த்தான். அவள் முன்வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்து, முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

விழா தொடங்கியது. குத்துவிளக்கு, வரவேற்புரை, பூபாலனுக்குப் பொன்னாடை. வாங்கும்போது அவர் அத்தை இருந்த திசையைப் பார்க்கவே இல்லை. இளங்குமரன் மைக்கைப் பிடித்து முழங்கினார்: “எத்தனை பேர் எவ்வளவு கோடு போட்டாலும், கண்ணைத் தொறக்கறவர்தானுங்க கலைஞர்! அந்தக் கட்டை அவர் பேர்லதான் நிக்கும்!” கைதட்டல் கூரையைத் தொட்டது. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவர் கடைசி வரிசையில் இருந்த ஞானாம்பாள்.

கம்பெனியின் முதல் டெய்லரான குமாரசாமி ஐயா, உருளையில் மை எடுத்துக் கட்டைமேல் ஓட்டினார். காகிதம் வைத்து, அச்சு இயந்திரத்தின் கைப்பிடியை அழுத்தி, மெல்ல உரித்தார். வினிதா அதை வாங்கிக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினாள்.

கைதட்டப் போன கைகள் பாதியில் நின்றன.

சேவல் விழித்திருந்தது.

பொட்டளவு வெள்ளை வளையம். அதற்குள் கறுப்பு மணி. மணியின் ஓரத்தில் கடுகைவிடச் சின்னதாக ஒரு மினுக்கு. அவ்வளவுதான். ஆனால் அந்தச் சேவல் அரங்கத்தில் இருந்த ஒவ்வொருவரையும் தனித்தனியாக, ‘என்ன பார்க்கறே?’ என்பதுபோல முறைத்தது. கொண்டையும் சிறகும் அத்தனை நாள் எதற்காகச் சிலிர்த்துக்கொண்டு நின்றன என்பது இப்போதுதான் புரிந்தது. முனீஸுக்குப் பாலத்துக்கு முன்னால் நகராத ஆட்டோ, மடியில் கவிழ்ந்த தலை எல்லாம் ஒரு நொடியில் நினைவுக்கு வந்தன.

“அக்கா! ஆட்டோவுல! உங்களுக்குத் தெரியுமா?”

“மஞ்சத்தூள் வாசம் வந்துது” என்றாள் ஜெயபாரதி. “ஒருத்தர் கண்ணு தொறக்கறப்ப இன்னொருத்தர் மூடிக்கறது மரியாதை இல்லையா?”

மேடையில் இளங்குமரன் பேயறைந்ததுபோல நின்றார். மைக் இன்னும் அவர் வாயருகே இருந்தது. அதை அவர் மறந்தே போனார்.

“யாரு… யாருங்க இதுக்குக் கண்ணைத் தொறந்தது?”

கேள்வி ஒலிபெருக்கி வழியாகத் தெருமுனை வரை போயிற்று. கடைசி வரிசையில், பள்ளிக்கூடத்தில் வருகை சொல்லும் பிள்ளைபோல ஒரு கை உயர்ந்தது. விரல் நுனியெல்லாம் மஞ்சள்.

“நானுங்க” என்றார் ஞானாம்பாள்.

முதலில் கை தட்டியது குமாரசாமி ஐயா. அடுத்து, யாரும் எதிர்பார்க்கவில்லை, பூபாலன். தோளில் கிடந்த பொன்னாடையை உருவிக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்து அத்தையிடம் ஓடினார். வினிதா பித்தளைத் தகட்டின் ஆணியைக் கத்திரிக்கோல் முனையால் நெம்பத் தொடங்கியிருந்தாள். இளங்குமரன் தங்கையைத் தடுக்க ஒரு அடி வைத்தார். தான் சற்றுமுன் மைக்கில் முழங்கியது நினைவுக்கு வந்திருக்கவேண்டும். வைத்த காலை எடுத்துக்கொண்டு, சிரித்துவிட்டார்.

இத்தனை ஆரவாரத்தில் மேடைக்கு வந்துசேர்ந்த ஞானாம்பாளுக்குத் தொண்டை வறண்டு போயிற்று.

“தம்பி, கொஞ்சம் தண்ணி” என்றார், கட்டைக்குக் காவலாக நின்ற காசிமாயனைப் பார்த்து.

காசிமாயன் நின்ற இடத்திலிருந்து ஓர் அங்குலம் நகரவில்லை. ஒரு கையால் சேவல் கட்டையை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். மறுகையை முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்து, தயாராக வாங்கி வைத்திருந்த மோர் பாட்டிலை நீட்டினார்.